தம்பிக்கு வாங்கிய கார்டியன் சான்றிதழ்

என் தம்பி கடலில் தொழில் செய்கிற மீனவன் என்று அரசாங்கம் கொடுத்த அட்டை ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. படம் போட்டு, பெருவிரல் ரேகை ஏற்றிய அட்டை. தம்பிக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. கணுக்காலுக்கு மேல் அவன் கடலில் நனைந்ததில்லை. அலை கொஞ்சம் ஏறி வந்தாலே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடிவிடுவான். பிறவியிலேயே அப்படி. அறிவு வளர்ச்சி நாலைந்து வயதோடு நின்றுவிட்டது. பேசுவான், சிரிப்பான், சொன்னால் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவான். தனியாகக் குளிக்கத் தெரியாது. பத்து ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியாது. கால் கழுவி விடுவதிலிருந்து சட்டைப் பொத்தான் மாட்டுவது வரை எல்லாம் அம்மாதான்.

அந்த அட்டை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வரும். படகுகள் கரையில் கிடக்கும். அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் உண்டு. அது ரேஷன் கார்டு வாரியாகக் கொடுப்பது. அய்யா இறந்ததும் அண்ணன் பெண்டாட்டி பிள்ளைகளோடு தனிக் கார்டு எடுத்துக்கொண்டான். அம்மா கார்டில் ஆண் என்று மிஞ்சியது தம்பி ஒருவன். கடலுக்குப் போகிறவன் இல்லாத கார்டுக்கு நிவாரணம் கிடையாது. அதனால் தம்பியைக் காகிதத்தில் கடலுக்கு அனுப்பி வைத்தோம். அண்ணனுடைய படகில் வேலை பார்க்கிற ஆளாக அவன் பெயர் பதிவானது. விசாரிக்க வருகிறவர்களிடம் சொல்வதற்காக, "கடலுக்குப் போறேன்" என்று அம்மா அவனுக்கு ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தாள்.

எங்கள் ஊரில் இதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. துபாயில் ஏசி மெக்கானிக்காக இருப்பவன், மதுரையில் பரோட்டாக் கடையில் நிற்பவன், மூட்டுவலியில் எழுந்திருக்கவே முடியாத கிழவன் எல்லாரும் எங்கள் ஊர்ப் பதிவேட்டில் தினமும் வலை வீசுகிறவர்கள். அத்தனை பேரும் ஒருநாள் நிஜமாகவே கிளம்பி வந்தால் ஏற்றிக்கொள்ள ஊரில் படகு போதாது. ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். தீவில் இருக்கிறது, மாதா கோவில் இருக்கிறது, அது போதும்.

நான் கல்யாணமாகிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபத்துக்கு வந்தவள். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பேன், மனு டைப் அடிப்பேன், சான்றிதழ்களுக்கு ஆன்லைனில் போட்டுக் கொடுப்பேன். முதியோர் பென்ஷன், விதவை பென்ஷன், மாற்றுத்திறனாளி உதவித்தொகை என்று இந்தக் கரையில் பாதிப் பேருக்கு மனு எழுதியது என் கைதான். யார் யார் வீட்டுக் கிழவிகளுக்கோ பென்ஷன் வாங்கிக் கொடுத்த நான், சொந்தத் தம்பிக்கு ஒன்றும் வாங்கவில்லை. அட்டையைக் கிளறிவிடுவார்களோ என்ற பயம். அம்மா இருக்கிறாளே என்ற தைரியம் வேறு.

அந்தத் தைரியம் அம்மாவின் கால் விரலோடு போனது. சர்க்கரைப் புண் முற்றி இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ராமநாதபுரத்தில் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. நான் அம்மாவோடு இருந்தேன். தம்பி அண்ணன் வீட்டில் இருந்தான். ஐந்தாம் நாள் மாற்றுத்துணி எடுக்க ஊருக்குப் போனவள் அவனைப் பார்த்தேன். நான் பஸ் ஏறிய அன்றைக்கு அவன் போட்டிருந்த அதே சட்டை. கக்கத்தில் புண். பக்கத்தில் போகவே முடியவில்லை, அவ்வளவு நாற்றம். அண்ணன் கடலுக்குப் போயிருந்தான். அவன் பெண்டாட்டி, என் மதினி, டிவியைக் குறைக்காமலே சொன்னாள்.

"கிட்டப் போனா கத்துறாரு. நான் பொம்பள, என்னத்தச் செய்ய?"

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அம்மாவுக்குப் பிறகு இவன் என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று. வாய்ப்பேச்சாக இல்லை, காகிதத்தில்.

பலருக்குத் தெரியாத விஷயம் இது. பதினெட்டு வயது தாண்டிவிட்டால் இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பெற்ற தாய்கூடச் சட்டப்படி கார்டியன் இல்லை. கலெக்டர் தலைமையில் ஒரு கமிட்டி உண்டு. அதில் மனுப் போட்டு, அவர்கள் விசாரித்து, இன்னார் கார்டியன் என்று சான்றிதழ் தர வேண்டும். அது இல்லாவிட்டால் அவன் பேரில் வரும் உதவித்தொகையை எடுத்துச் செலவு செய்ய ஆள் கிடையாது. அவனுக்கு வர வேண்டிய பங்கை எவன் வளைத்தாலும் கேட்க ஆள் கிடையாது. கடையில் மற்றவர்களுக்கு இதை ஆயிரம் தடவை விளக்கிச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணனிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

"கூடப் பொறந்தவனப் பாக்க என்னத்துக்குப் பேப்பரு?"

"நீ பாத்த லெச்சணத்தத்தான் பாத்தேன்ல. அதுக்குத்தான் பேப்பரு."

அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

மருத்துவக் குழுவிடம் தம்பியைக் காட்டி ஊனச் சான்றிதழ் வாங்குவதில் சிக்கல் இல்லை. டாக்டர் மூன்று கேள்வி கேட்டார், நான்காவது கேட்கவில்லை. கலெக்டர் ஆபீஸில்தான் மாட்டிக்கொண்டேன். எங்கள் பைலைப் பார்த்த அதிகாரி அம்மா நல்ல மாதிரி. தம்பிக்கு நாற்காலி போடச் சொன்னார். அவனிடம் அன்பாகக் கேட்டார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"கடலுக்குப் போறேன்."

அந்த அம்மா கம்ப்யூட்டரில் அவன் ஆதார் எண்ணைத் தட்டினார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆமாம்மா, இவரு பேருல கடல் தொழில்னு பதிவு இருக்கே. போன தடைக்காலத்துக்குக்கூட நிவாரணம் போயிருக்கு."

"அவன் போனதே இல்ல மேடம்."

"அப்ப யாரு பதிவு பண்ணுனது?"

நான் தம்பியின் சட்டைப் பொத்தானைச் சரி செய்தேன்.

"கடல்ல போயி வலை இழுக்கறவருக்குத் தனியாக் குளிக்கத் தெரியாதுன்னு நான் எப்படிம்மா கமிட்டியில வைக்கிறது? முதல்ல அந்தப் பேரை எடுங்க. எப்படிச் சேந்துச்சுன்னு எழுத்துல குடுங்க. படகுக்காரர்கிட்டயும் லெட்டர் வாங்கிட்டு வாங்க."

படகுக்காரர் என்றால் என் அண்ணன். பஸ்ஸில் ஊருக்குப் போகும் வழியெல்லாம் அவனை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன். தடைக்காலம்தான் நடந்துகொண்டிருந்தது. படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். கூட நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் இருக்கட்டும் என்றே சத்தமாகக் கேட்டேன்.

"அண்ணே, தம்பி ஒன் படகுல வேல பாக்கலன்னு எழுதிக் குடு."

"எழுதிக் குடுத்தா என் படகுப் பதிவத் தோண்டுவாய்ங்க. டீசல் மானியத்த நிறுத்துவாய்ங்க. ஒனக்கென்ன, நீ கடையில காத்தாடி போட்டு ஒக்காந்துருக்க."

"பொய் சொல்லிப் பேரச் சேக்கத் தெரிஞ்சுதுல்ல?"

பிரஷ்ஷை டின்னுக்குள் போட்டுவிட்டு என் முகத்துக்கு நேராக வந்து நின்றான்.

"எழுதுனது யாருத்தா? நானா? எனக்கு என் பேர எழுதவே ரெண்டு நிமிசம் ஆகும். அந்தப் பாரத்துல இருக்கறது யாரு கையெழுத்து?"

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அண்ணனைத் திட்டுவதற்கு வசதியாக இருக்கும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பாரத்தை நிரப்பியது நான். 'தொழில்' என்ற கட்டத்தில் 'கடல் தொழில்' என்று எழுதியது நான். தம்பியின் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தி வைத்ததும் நான்தான். அன்றைக்கு அவன் விரலில் ஒட்டிய மையைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். அம்மாவுக்கு நல்லது செய்துவிட்டோம் என்று பெருமையாக இருந்தது. தம்பிக்கு மட்டும் எழுதியிருந்தாலாவது பரவாயில்லை. துபாய்க்காரன், பரோட்டாக் கடைக்காரன், மூட்டுவலிக் கிழவன் எல்லாருடைய பாரத்தையும் நிரப்பியது என் கைதான். கூலி வாங்கிக்கொண்டுதான் செய்தேன்.

அதனால்தான் ஊர் பயந்தது. மறுவாரம் ஊர்க் கமிட்டிக்காரர்கள் அம்மா வீட்டுக்கு வந்தார்கள். என்னை வரச் சொல்லியிருந்தார்கள். ஆறு பேர், எல்லாருமே சொந்தக்காரர்கள். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்கள்.

"ஒரு பேர எடுக்கப் போயி நூறு பேரத் தோண்டி விட்றாத. எழுதிக் குடுத்தவ நீ. இப்ப காட்டிக் குடுக்கறவளும் நீயா?"

"நான் எந் தம்பிக்கு வழி கேக்குறேன். ஊரப் பத்தி எவன்கிட்டயும் ஒண்ணும் சொல்லல."

"சொன்னா என்ன ஆகும்னு ஒங்க அம்மாகிட்டக் கேளு. நாளைக்கு அவுக பொட்டியத் தூக்க நாலு பேரு வேணும்ல?"

அம்மா கட்டிலில் உட்கார்ந்து கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்கும் பயப்படுகிறவள் இல்லை. சவப்பெட்டியை ஊர் தூக்காது என்ற பேச்சுக்கு மட்டும் ஜெபமாலையைத் தேடி எடுத்தாள். அந்த ஆறு பேரில் ஒருவன் கடைக்கு வந்து என்னிடம் பாரம் நிரப்பியபோது, டீ வாங்கிக் கொடுத்து அக்கா அக்கா என்று குழைந்தவன். அவனை அன்றைக்குக் கன்னத்தில் அறையாமல் விட்டதற்கு இன்றும் வருத்தப்படுகிறேன்.

அவர்கள் போன பிறகு அம்மா அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினாள். எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து அவளே பஞ்சாயத்துப் பண்ணினாள்.

"நீ படகுக்கு ஒண்ணும் வராம எழுது," என்றாள் என்னிடம். "நீ லெட்டரக் குடு," என்றாள் அவனிடம். "ரெண்டு பேரும் சேந்து எனக்கு இத மட்டும் செஞ்சிட்டு அப்பறம் அடிச்சுக்கிட்டுச் சாவுங்க."

அதன்படி அண்ணன் ஒரு கடிதம் கொடுத்தான். தம்பி தன் படகில் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை, அவன் பெயர் சேர்ந்தது தனக்குத் தெரியாது என்று. டைப் அடித்தது நான்தான். அவன் கையெழுத்தை மட்டும் போட்டான். நான் என் பங்குக்கு எழுதிக் கொடுத்தேன். பாரத்தை நிரப்பியது நான், கடல் தொழில் என்று தெரிந்தே தவறாக எழுதியது நான், இதில் வேறு யாருக்கும் சம்பந்தம் இல்லை என்று. இத்தனை வருஷம் வாங்கிய நிவாரணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். என் வளையலை அடகு வைத்துக் கட்டினேன். அட்டை ரத்தானது. என் வீட்டுக்காரர் நடுவில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அவருடைய நல்ல குணம்.

கலெக்டர் கமிட்டி கூடிய அன்றைக்கு எங்கள் எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா சக்கர நாற்காலியில் வந்தாள். தம்பிக்கு நான் புதுச் சட்டை எடுத்திருந்தேன். அண்ணன் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலை சீவி, சாட்சியாக வந்து உட்கார்ந்திருந்தான். கார்டியனாக விண்ணப்பித்திருந்தவள் நான். என் பெயர், என் முகவரி, என் கடை வருமானம் எல்லாம் பைலில் இருந்தது. கமிட்டியில் தொண்டு நிறுவனத்துக்காரர் ஒருவர் இருந்தார். வயதானவர், கண்ணாடி போட்டவர். பைலை முதல் பக்கத்திலிருந்து படித்த ஒரே ஆள் அவர்தான். நான் எழுதிக் கொடுத்த கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமா சார்."

"இவர் விரலைப் பிடிச்சு வச்சு, இவர் பேருல பொய் சொல்லிப் பணம் வாங்கியிருக்கீங்க. அதே இவருக்கு உங்களையே கார்டியனாப் போடணும்னு கேக்குறீங்க. உங்க எடத்துல நான் இருந்து, என் எடத்துல நீங்க இருந்தா குடுப்பீங்களா?"

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவர் கேட்டது நியாயம் என்பதால் வந்த கோபம். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். சட்டத்தில் அப்படி ஒரு தடை இருக்கிறதா என்று கேட்டேன். தடை என்று இல்லை, கமிட்டிக்குத் திருப்தி வர வேண்டும் என்றார்கள். வேறு ரத்த உறவு யாராவது உண்டா என்று அம்மாவிடம் கேட்டார்கள்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"மூத்தவன் இருக்கான்யா. நல்லாப் பாத்துக்குவான்."

அண்ணனைப் பார்த்தேன். அவன் நினைத்திருந்தால் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சார், பேரைச் சேர்க்கச் சொன்னது நான், என் படகில்தான் சேர்த்தோம், இவள் எழுதிக் கொடுத்தாள், அவ்வளவுதான் என்று ஒரு வாக்கியம் போதும். அவன் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தான்.

"நான் பாத்துக்கறேன் சார்," என்றான்.

நானும் உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால், வேறு யாருக்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதிய கடிதமும் பொய்யாகும். பைலை மூடி வைத்துவிடுவார்கள். திரும்ப ஒரு கமிட்டி கூடும் வரை அம்மா இருப்பாளா என்று தெரியாது. அண்ணனைக் களங்கமில்லாதவனாகக் காகிதத்தில் எழுதி, கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சரியாக வைத்துக் கொடுத்தவள் நான்தானே. ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். வெளியே வந்து அம்மாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். அவள் என் கையைத் தொட வந்தாள். நான் கையை எடுத்துக்கொண்டேன். அதற்காக இப்போது வருத்தப்படுகிறேன், அன்றைக்கு வருத்தப்படவில்லை.

அண்ணன் பெயரில் சான்றிதழ் வந்தது. பராமரிப்பு உதவித்தொகையும் வர ஆரம்பித்தது. அதற்கடுத்த மூன்றாம் மாதம் அம்மா இறந்தாள். ஊர் மொத்தமும் வந்தது. அந்த ஆறு பேரும் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் தம்பியை அண்ணன் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். தம்பி திரும்பித் திரும்பி அம்மாவின் கட்டிலைப் பார்த்துக்கொண்டே போனான்.

கார்டியன் சரியாகக் கவனிக்கவில்லை என்றால் உறவுக்காரர் யார் வேண்டுமானாலும் கமிட்டிக்குப் புகார் கொடுக்கலாம். நிரூபித்தால் அவரை நீக்கிவிட்டு வேறு ஆளைப் போடுவார்கள். அம்மாவின் முப்பதாம் நாள் கும்பிடு முடிந்த அன்றே கடையில் உட்கார்ந்து புகார் மனுவை டைப் அடித்து வைத்துவிட்டேன். தேதிக்கும் காரணத்துக்கும் மட்டும் இடம் விட்டிருந்தேன். பிறகு போக ஆரம்பித்தேன். ஒருநாள் காலையில், ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், ஒருநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிற நேரத்தில். சொல்லிவிட்டுப் போகமாட்டேன். போனதும் தம்பியின் கக்கத்தை முகர்ந்து பார்ப்பேன். தட்டில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். பாயைத் தூக்கிப் பார்ப்பேன். மதினி முணுமுணுப்பாள். அண்ணன் ஒன்றும் சொல்லமாட்டான். தம்பி சுத்தமாக இருந்தான். கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு திரும்பினேன்.

போன மாதம் ஒருநாள் மத்தியானம் போனேன். வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் தம்பியை ஸ்டூலில் உட்கார வைத்து அண்ணன் அவனுக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான். மண்ணில் சம்மணம் போட்டு, தம்பியின் பாதத்தைத் தன் தொடைமேல் வைத்திருந்தான். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வெந்நீர். அண்ணனுக்கு இப்போது அறுபது வயது. கண்ணாடி போடாமல் கிட்டத்தில் இருப்பது தெரியாது. குனிந்து, நகத்துக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய் வெட்டினான். தம்பி கூச்சத்தில் நெளிந்து சிரித்தான். "ஏலே, ஆடாத," என்று அண்ணனும் சிரித்தான். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"வா. செக்கிங்கா?"

கிட்டப் போய் நின்றேன். அழுக்குச் சட்டையோடு, பசியோடு, மூலையில் கிடப்பவனாகத் தம்பியைப் பார்க்கத்தான் அத்தனை தடவை பாலம் தாண்டிப் போயிருந்தேன். அது அந்த வாசலில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் என் கண் தேடுவதை நிறுத்தவில்லை. அண்ணன் கடைசி நகத்தை வெட்டும்போது கை கொஞ்சம் தவறியது. சுண்டுவிரல் ஓரத்தில் ரத்தம் துளிர்த்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"ரத்தம் வருது பாரு," என்றேன். கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, குனிந்து, விரலைப் படம் பிடித்தேன். அண்ணன் கையில் நகவெட்டியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். தம்பி வலிக்கிறது என்று சொல்லவில்லை. போட்டோ எடுக்கிறார்கள் என்று, காலை அசைக்காமல் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.